திருவிருந்துக்குக் கை நீட்டாத ஞாயிறுகள்

கர்த்தருடைய பிள்ளைகளே, உட்கார்ந்தபடியே சாட்சி சொல்கிறேன். நின்றால் இன்னும் மூச்சு வாங்குகிறது.

எனக்கு இருமினால் ரத்தம் வந்தது. முதலில் கோடு கோடாக, பிறகு கை நிறைய. வீட்டுக்காரருக்குக் குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனி வேலை, எங்கள் வீடும் அங்கேதான். அந்தப் புகைதான் காரணம் என்றார்கள். கடலூரில் டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள். சளியில் கிருமியே இல்லை, ஆனாலும் விழுங்கினேன். மாமியார் என் தட்டைத் தனியாக வைத்துவிட்டார். அன்று ரொம்ப அழுதேன். கல்யாணமானதிலிருந்து பிள்ளைக்காக ஜெபித்தவள், "ஆண்டவரே, இது என்ன வியாதி என்று மட்டும் காட்டும்" என்று கேட்க ஆரம்பித்தேன்.

எங்கள் சபையில் வாராவாரம் அப்பமும் ரசமுமாகத் திருவிருந்து உண்டு. வீட்டுக்குத் தூரமான நாட்களில் பெண்கள் அதற்குக் கை நீட்டுவதில்லை. அப்படி நான் பின்வரிசையில் இருந்த ஒரு ஞாயிறு, இருமலில் முந்தானை முழுக்க ரத்தம். நிற்கவே இல்லை. ஆம்புலன்ஸில் சிதம்பரம் கொண்டுபோனார்கள்.

"எப்பப்பம்மா வருது?" என்றார் டாக்டர்.

"எப்பவாச்சும் வரும் சார்," என்றார் மாமியார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மெடிக்கலில் நாப்கின் வாங்கவே கூசுகிற என் வீட்டுக்காரர் அப்போது வாய் திறந்தார். "இல்ல சார். இவ திருவிருந்து எடுக்காத வாரம்தான் ரத்தம் வருது. மாசாமாசம் அந்த நாள்லதான்."

"ஆம்பளைங்க முன்னாடி என்னடா பேச்சு!"

"உசுரு போவுதும்மா," என்றார்.

அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். முன்பெல்லாம் ரத்தம் நின்ற பிறகு எடுத்ததால் ஒன்றும் தெரியவில்லையாம். கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரியே நுரையீரலில் வளர்ந்து, மாதவிலக்கோடு சேர்ந்து கசிகிறதாம். ரொம்ப அபூர்வமான வியாதி என்றார்கள். தொடை வழியாகக் குழாய் விட்டு, கசிந்த ரத்தக்குழாயை அடைத்தார்கள். மாதவிலக்கையே நிறுத்த ஊசி போட்டார்கள். ரத்தம் நின்றது. ஸ்தோத்திரம்.

ஆனால் ஊசி போடும்வரை பிள்ளை உண்டாகாது. நிறுத்தினால் மறுபடி ரத்தம் வரலாம். எனக்கு வயதும் ஏறிவிட்டது. இப்போது எந்த ஞாயிறும் எனக்குத் தடை இல்லை. எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள். நான் மட்டும் அழுகிறேன்.

கேட்டதை அவர் காட்டினார், அதுவும் கூச்சப்படுகிற ஒரு மனுஷன் வாயால். அதற்கு உயிருள்ளவரை நன்றி சொல்வேன். மீதியை ஏன் தரவில்லை என்று தினமும் அவரிடமே கேட்கிறேன். சகோதரிகளே, உங்கள் உடம்பில் நடப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஆண்டவரிடமும் மறைக்காதீர்கள். அழுதுகொண்டே நம்பினாலும் அவர் தள்ளுவதில்லை. நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.