வெண்கலக்கடை அக்கா

பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக் கூடத்தில் அவள் மேற்பார்வையாளர். இயந்திர இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் தும்மினால்கூடக் காதில் விழாது. அங்கே வருடக்கணக்காகக் கத்தி வேலை வாங்கிய பழக்கத்தில், வீட்டில் அவள் உப்பு கேட்டாலும் தெருமுனைவரை கேட்கும். பெற்றோர் போனபின் அந்தத் தொண்டையை வைத்துத்தான் தம்பியை வளர்த்தாள். பள்ளியில் இடமில்லை என்றவர்களிடம் கத்தினாள். அவன் காய்ச்சலில் கிடந்தபோது வீட்டைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரரைப் படியிலேயே நிறுத்திக் கத்தினாள்.

தம்பி வளர்ந்து, வானொலிக்கு நகைச்சுவை நாடகம் எழுதுபவன் ஆனான். வாரம் ஒருமுறை வரும் அந்த நாடகத்தில் ஒரு வாயாடி இருந்தாள். பெயர் வெண்கலக்கடை அக்கா. யார் எதிரே வந்தாலும் "கண்ணு முகத்துலதானே இருக்கு?" என்பாள், உடனே பின்னணியில் பாத்திரங்கள் கடகடவென்று உருளும். ஊரே சிரித்தது.

முதல் வாரம் அக்காவும் சிரித்தாள். "யாருடா அவ, இந்தக் கத்து கத்துறா?"

"கற்பனைதான்க்கா" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

இரண்டு மூன்று வாரம் கழித்து, நாடகத்து வாயாடி, வீட்டைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரரைப் படியில் நிறுத்தி விரட்டினாள். சொல்லுக்குச் சொல் அதே பேச்சு. தம்பியின் காய்ச்சல் மட்டும் அதில் இல்லை. அக்கா முடியும்வரை கேட்டாள். பிறகு எழுந்துபோய்ப் பாத்திரங்களைக் கழுவினாள், ஒன்றோடொன்று இடிக்காமல்.

அந்த வாயாடி இவள்தான் என்று சலவைக் கூடத்திலும் கண்டுபிடித்துவிட்டார்கள். அவள் வாயைத் திறந்தால் போதும், யாராவது வாளியை உதைப்பார்கள். திட்டினால் சிரிப்பு இன்னும் கூடியது. "விளையாட்டுக்குத்தானேக்கா, கோவிச்சுக்காதீங்க" என்றார்கள்.

ஒருநாள், புதிதாகச் சேர்ந்த பெண், துணி தேய்க்கும் இயந்திரத்தின் சூட்டு உருளைகளுக்குள் ஈரப் படுக்கைவிரிப்பைச் செலுத்திக்கொண்டே வேறெங்கோ பார்த்தாள். விரல்கள் துணியோடு உள்ளே போய்க்கொண்டிருந்தன. அக்கா அலறினாள்:

"கண்ணு முகத்துலதானே இருக்கு? கையை எடுடி!"

முதல் பாதி கேட்டதுமே வாளி உருண்டது. கூடமே சிரித்தது, பின்பாதி அந்தச் சிரிப்பில் அமுங்கிப்போனது. அந்தப் பெண்ணும் சிரித்தபடி திரும்பினாள். அக்கா பாய்ந்து இயந்திரத்தை நிறுத்துவதற்குள் இரண்டு விரல்கள் வெந்துவிட்டன.

அதற்குப் பிறகு அக்கா பேசுவதை விட்டாள். வேலையில் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடந்துபோய்த் தோளைத் தொட்டுக் கை காட்டினாள். வீட்டில் அதுவும் இல்லை. கோபம் தணிந்துவிடும் என்று தம்பி காத்திருந்தான். தணியவில்லை.

"அக்கா, வேணும்னா என்னை நாலு அடி அடிச்சிடு. இப்படி இருக்காதே."

அக்கா நிமிர்ந்தாள். குரல் அவனுக்கு மட்டுமே எட்டும் அளவு தாழ்ந்திருந்தது. "நான் கத்தினதையெல்லாம் எழுதினே. எதுக்குக் கத்தினேன்னு ஒரு தடவையாவது எழுதினியா?"

"அதை எழுதினா சிரிப்பு வராதுக்கா." சொன்னபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

"அந்தப் பொண்ணைப் போய்ப் பாரு. சிரிப்பு வருதான்னு வந்து சொல்லு."

போனான். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் யாரென்று தெரியாமலே அந்தப் பெண் அவனுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். மறுநாள் வானொலி நிலையத்துக்குப் போய், இனி அந்த நாடகத்தை எழுத முடியாது என்றான், நிறுத்திவிடுங்கள் என்று கெஞ்சியும் பார்த்தான். "நல்லா ஓடுற குதிரையை யாருப்பா கட்டிப்போடுவாங்க?" என்று சிரித்துவிட்டு வேறொருவரிடம் கொடுத்தார்கள். அவர் கையில் வெண்கலக்கடை அக்கா கோள்மூட்டவும் கற்றுக்கொண்டாள். நாடகம் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சலவைக் கூடத்தில் இப்போது யாரும் வாளியை உதைப்பதில்லை. அக்காவும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கிவிட்டாள். தம்பி எதிரில் இருந்தால் மட்டும், பாதிப் பேச்சில் நிறுத்தி அவன் முகத்தைப் பார்ப்பாள். அதற்குள் அவன் தலைகுனிந்திருப்பான்.