கடைசி விலைக்கு அடுத்த விலை

பூட்டைக் கையில் எடுத்துவிட்டார். இனி கடைக்காரருக்கு வேறு வேலை ஓடாது. திருப்பித் திருப்பிப் பார்ப்பார், சாவியைப் போட்டுத் திறந்து மூடுவார், காதருகே கொண்டுபோய் அது பூட்டும் சத்தத்தைக் கேட்பார். விலையை மட்டும் கேட்கமாட்டார். கடைக்காரரே பொறுமை இழந்து சொல்ல வேண்டும். சொன்னதும் ஏதோ துக்கச் செய்தி வந்தது போல மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். "நான் இதை வாங்கறேன்னு வெச்சுக்குங்க. அப்போ எவ்வளவு?" வாங்கத்தானே வந்திருக்கிறார் என்று குழம்பிப்போய் கடைக்காரர் கொஞ்சம் இறங்குவார். "சரி, இது கடைசி விலை. இதுக்கு அடுத்த விலையையும் சொல்லிடுங்க" என்பார் இவர்.

எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் 'கொறைங்க சார்'. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பஞ்சு முதல் கட்டில் வரை அவர் பேசி முடிக்காமல் எதுவும் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. வேலை அவரை விட்டுவிட்டது; பேரம் விடவில்லை. தொட்டில் பழக்கம் என்பார்களே, இது மேஜைப் பழக்கம். மிச்சம் பிடித்த காசையாவது சேர்த்து வைப்பாரா என்றால், தோற்றுப்போன கடைக்காரரையே கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வருவார். அவருக்குக் காசு பெரிதில்லை, ஆட்டம்தான் பெரிது.

அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவருடையது ஒடுங்கிய மாடி வீடு. கீழே கூடமும் சமையலறையும். படுக்கையறையும் குளியலறையும் மேலே. அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்குப் போன வருடம் முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்தது. மாடி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவார். மேலே எதையாவது மறந்து வைத்துவிட்டால் அன்றைய பொழுது அதற்கே சரியாகப் போய்விடும். "ஏறறது கூட பரவாயில்ல தம்பி, எறங்கும்போதுதான் உசுரு போகுது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சார் அப்போது சுவரையோ கூரையையோ பார்த்துக்கொண்டிருப்பார். பேசிக் குறைக்க முடியாத ஒன்றை அவர் வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தித்த முகம் அது.

அக்காவின் தங்கை இருக்கும் அடுக்குமாடியில் தரைத்தளத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. அதன் சொந்தக்காரர் நல்ல மனிதர். "உங்க வீடு விக்கற வரைக்கும் ரெண்டு மாசம் பொறுத்துக்கறேன், அதுக்கு மேல என்னால முடியாது" என்று சொல்லியிருந்தார். ஆக, இந்த வீடு விற்றால்தான் அந்த வீடு. சார் புரோக்கர் தேடக் கிளம்பினார்.

முதலில் வந்தவர் டை கட்டியிருந்தார். கமிஷன் வெறும் ஒரு பர்சென்ட் என்று சொல்லிவிட்டு ஜெயித்தவர் மாதிரி சாய்ந்து உட்கார்ந்தார். சார் விடுவாரா? தோண்டத் தோண்ட வந்தது: போட்டோவுக்குத் தனி, விளம்பரத்துக்குத் தனி, ஆவணம் பார்க்கத் தனி, வீடு விற்காமல் போனாலும் அலைச்சலுக்கு ஒரு தொகை. "அப்போ அந்த ஒரு பர்சென்ட் எதுக்குங்க? உங்க மொகத்துக்கா?" என்றார் சார். டைக்காரர் உடனே பாதியாகக் குறைத்துக்கொண்டார். சாருக்கு அது பிடிக்கவில்லை. இன்னொருவர், விற்பவரிடம் ஒன்றும் வேண்டாம், வாங்குகிறவரிடம் வாங்கிக்கொள்கிறேன் என்றார். நமக்காகப் பேச வருகிறவனுக்கு எதிராளி சம்பளம் கொடுப்பதா என்று அவரையும் அனுப்பியாகிவிட்டது.

மூன்றாவதாக ஒரு புரோக்கரம்மா வந்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். ஸ்கூட்டரை நிறுத்தியவர் நேரே உள்ளே வரவில்லை; எதிர்ப்பக்கம் போய் நின்று வீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாடி ஏறி இறங்கினார், ஈரம் பூத்த சுவரைத் தடவினார், குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருந்தார். அதன்பிறகுதான் உட்கார்ந்தார்.

"ரெண்டு பர்சென்ட் சார். போட்டோ, விளம்பரம், ஆளக் கூட்டிட்டு வர்றது, பத்திரம் முடியற வரைக்கும் கூட நிக்கறது, எல்லாம் அதுக்குள்ள அடக்கம். வித்தா குடுங்க, விக்கலைன்னா வேணாம். வாங்கறவங்ககிட்ட நான் கை நீட்டறதில்ல."

"ஏன்? அங்கயும் வாங்கிக்கிட்டு எனக்குக் கொறைக்கலாமே?"

"ஒரு வாய்க்கு ஒரு பக்கம்தான் சார் பேச வரும்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். பெருமூச்சு விட்டார். ஒன்றரை என்றார். பேச்சை மாற்றி மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திடீரென்று ஒன்றேமுக்கால் என்றார். கோபித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போய், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். புரோக்கரம்மா அக்கா கொடுத்த டீயை நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தார். "டீ நல்லா இருக்குக்கா. ரெண்டு பர்சென்ட் சார்."

அவர் போன பிறகு சார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தோற்ற களை ஒரு பொட்டு இல்லை, மெடல் வாங்கிய பிள்ளை போல் இருந்தார். "கேட்டதும் கொறைக்கறவன், நாளைக்கு வாங்க வர்றவன் கேட்டாலும் கொறைப்பான்ப்பா. அப்பக் கொறையப்போறது அவன் கமிஷன் இல்ல, என் வீடு. இந்தம்மா அசையவே இல்ல பாத்தியா? என்கிட்டயே அசையல!"

புரோக்கரம்மா அசையவில்லை. அசைந்தது சார்தான். வீடு பார்க்க முதலில் ஓர் இளம் தம்பதி வந்தார்கள். வீடு அவர்களுக்குப் பிடித்துவிட்டது, கண்ணிலேயே தெரிந்தது. புரோக்கரம்மா விலையைச் சொன்னார். எங்கே யார் விலை சொன்னாலும் எழும்பும் அந்தப் பழைய குரல், சோபா மூலையிலிருந்து தானாக எழும்பியது. "என்னங்க இது, ரொம்ப ஜாஸ்தியா இருக்கே! கடைசி வெலயச் சொல்லுங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேசியது வீட்டு ஓனர். வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார்கள். "ஓனரே ஜாஸ்திங்கறாரே" என்று அடிமாட்டு விலைக்குக் கேட்டு, கடைசிவரை அதிலிருந்து ஏறாமல் எழுந்து போய்விட்டார்கள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது. அன்று முழுவதும் அக்கா அவரிடம் பேசவில்லை. "தெரியாம வந்துடுச்சு, என்ன பண்ணச் சொல்ற?" என்று அவர் கெஞ்சியது சுவர் வழியாக எனக்கே கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது; ஆனால் கெடு வைத்த இரண்டு மாதத்தில் பாதி போயிருந்தது.

"இனிமே ஆள் வர்றப்போ நீங்க வீட்ல இருக்கக்கூடாது சார்" என்று புரோக்கரம்மா சட்டம் போட்டார். அக்கா அதை வழிமொழிந்தார். அன்றிலிருந்து யாராவது வீடு பார்க்க வந்தால் சார் என் வீட்டில், நடுச்சுவரை ஒட்டிய நாற்காலியில் இருப்பார். நாலைந்து பேர் வந்து பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். கெடு நெருங்கியது. தரைத்தள வீட்டுக்காரர் வேறு யாரோ கேட்கிறார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொல்லி அனுப்பினார்.

அந்த வாரம் மருந்துக் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். பேரத்தில் சாருக்குத் தம்பி முறை ஆவார் போலிருக்கிறது, அவ்வளவு நேரம் பேசினார். சார் சுவரில் காதை வைத்துக்கொண்டு எனக்கு வர்ணனை கொடுத்தார்.

"இப்ப பெருமூச்சு விடுவான் பாரு. விட்டுட்டானா? இப்ப மழை வெயில்னு பேசுவான்." சற்று நேரம் கேட்டார். நாற்காலி கிரீச்சிட்டது அந்தப் பக்கம். "எழுந்துட்டான். வாசப்படிக்குப் போறான்ப்பா. நான் போடற அதே நடை!" என் கையைப் பிடித்துக்கொண்டார். "போவட்டும். கூப்பிடாதேம்மா... கூப்பிட்டா போச்சு, கூப்பிடாதே..."

புரோக்கரம்மா கூப்பிடவில்லை. வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. சார் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு செருப்பு கழலும் சத்தம் கேட்டது. மருந்துக்கடைக்காரர் திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் விலை முடிந்தது, சொன்ன விலைக்கே. கமிஷனைப் பற்றி அதன்பின் சார் மூச்சு விட்டதில்லை. "அந்த வாசப்படியில கூப்பிடாம இருந்தா பாரு, அது ஒண்ணுக்கே ரெண்டு பர்சென்ட் தகும்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

முன்பணம் கைக்கு வந்ததும், தரைத்தள வீட்டுக்கு விலை பேசக் கிளம்பினோம். நான்தான் காரை ஓட்டினேன். அந்த வீட்டை அக்கா அதுவரை உள்ளே போய்ப் பார்த்ததில்லை. பார்த்து ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போனால் தாங்காது என்று வரமாட்டேன் என்றிருந்தார். சார் வழியெல்லாம் கத்தி தீட்டினார். "கையில பணம் இருந்தாதான்ப்பா பேரத்துக்கு முதுகெலும்பு. இன்னைக்குப் பாரு என் வேலைய. அஞ்சுல ஒரு பங்காவது கொறைக்காம எழுந்திருக்க மாட்டேன்."

வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, அக்காவிடம் நீங்கள் சுற்றிப் பாருங்கள் என்றார். பிறகு சங்கோஜத்துடன் விலையைச் சொன்னார். சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். நானும் ஆட்டம் பார்க்க வாகாக நாற்காலியை நகர்த்திக்கொண்டேன்.

"ஏங்க, இந்த ஜன்னல்ல நல்லா காத்து வருதுங்க!" உள்ளே ஓர் அறையிலிருந்து அக்காவின் குரல்.

சார் பேச வாயெடுத்தார்.

"குளிக்கற எடம் படுக்கற ரூமை ஒட்டியே இருக்குங்க!" இப்போது குரல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அடுத்து சமையலறைப் பக்கமிருந்து. பிறகு பின்கட்டிலிருந்து, இன்னும் தள்ளி. "ஏங்க, நான் எல்லா ரூமும் பாத்துட்டேன்! இன்னும் ஒரு தடவை கூட உக்காரலைங்க!"

சார் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. அந்த அமைதியை வீட்டுக்காரர் தப்பாகப் புரிந்துகொண்டார். "பேசிக்கலாம் சார். நீங்க ஒரு வெல சொல்லுங்க, நான் கொஞ்சம்..." என்று அவராகவே இறங்க ஆரம்பித்தார்.

கொறைங்க சார் எழுந்து போய் அந்த மனிதரின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "கொறைக்காதீங்க" என்றார்.