பெயரில்லாத குதிரைக்காரன்

புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோ நகரத்தின் நூலக வாசகர் வட்டத்துக்கு யோகராணி மூன்று வருடங்களாகப் போகிறாள். அன்று எடுத்தது விக்டோரியா ராணி காலத்துக் காதல் நாவல். பிரபுவைக் காதலிக்கும் உளவுக்காரி, தான் தப்புவதற்காக ஓர் அப்பாவிக் குதிரைக்காரனை ஒற்றன் என்று காட்டிக்கொடுக்கிறாள். அவனைத் தூக்கில் போடுகிறார்கள்; அடுத்த அத்தியாயத்தில் கல்யாணம்.

"அந்த வெடிங் சோ ரொமான்ரிக், அன்ரி!" என்றாள் வட்டத்தை நடத்தும் தர்சிகா.

யோகராணி புத்தகத்தை மூடி மேசையில் வைத்தாள். போர்க்காலத்தில் ஊரில் அவளுடைய தம்பியையும் ஒற்றன் என்று யாரோ சொல்லப்போய்த்தான் சந்தியில் வைத்துச் சுட்டார்கள்.

"செத்தவனுக்கு ஒரு பேர்கூட வைக்கேல்லை, பிள்ளை. அவனுக்கும் ஒரு அக்கா இருந்திருப்பாள். அவளை ஆராவது நினைச்சனீங்களோ? என்ரை தம்பியையும் இப்பிடித்தான் சுட்டவை."

"எனக்குத் தெரியாது, அன்ரி" என்று தர்சிகா கையைப் பிடிக்க வந்தாள். யோகராணி உதறிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கினாள். பஸ் வந்தபோதும் கோபம் அடங்கவில்லை.