செவ்வாய்க்கிழமைக் காய்ச்சல்

தம்பிக்கு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காய்ச்சல் வந்தது. வரவைத்தது நான்தான்.

அவன் குடு அடித்துக்கொண்டிருந்தான். ஹெரோயின் தூளை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நிவித்திகலைப் பக்கம் மாணிக்கக் குழி வேலைக்குப் போன இடத்தில் ஒட்டிக்கொண்ட சனியன். விடுகிறேன் என்று அவனே வாய்விட்டுச் சொன்னான். மருந்து கொடுக்கும் கிளினிக் டவுனில், செவ்வாய்க்கிழமை மட்டும். தேயிலைத் தோட்டத்திலிருந்து காலையில் ஒரே பஸ், பெல்மதுளையில் இறங்கி இன்னொரு பஸ். நாங்கள் பறிக்கும் கொழுந்து தினமும் லொறி ஏறிப் போகிறது, எங்களுக்குத்தான் வண்டியில்லை. முதல் தடவை ஒரேயொரு செவ்வாய் தவறியது. மருந்து முடிந்த மூன்றாம் நாளே மறுபடி குடுவுக்குப் போய்விட்டான். இது இரண்டாவது முயற்சி.

விடியற்காலையில் எல்லோரும் கூடிப் பெயர் கொடுக்கும் பிரட்டில், வேலைக்கு வராததற்குக் காரணம் சொல்ல வேண்டும். அங்கே இருமினாலே, நாங்கள் ஒட்டி ஒட்டிக் குடியிருக்கும் லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடும். "தம்பிக்குக் காய்ச்சலுங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன். அடுத்த செவ்வாயும் அதையே. அதற்கடுத்த செவ்வாயும் அதையே. ஒரு வயிற்றுவலியாவது போட்டிருக்கலாம், அந்தப் பக்கம் புத்தி போகவில்லை.

அது மழைக்காலம், டெங்கு பரவிய நேரம். நான்காவது செவ்வாய், நாங்கள் கிளம்பும்போது சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். கூடவே கணக்கப்பிள்ளை. கிழமைக்கணக்கில் காய்ச்சல் விடாத ஆள் இவன்தானா என்று சிங்களத்தில் கேட்டார் பரிசோதகர். இரத்தம் பார்க்காமல் எங்கேயும் போகக் கூடாதாம். எங்கள் தண்ணீர் பீப்பாயைக் கவிழ்க்கச் சொன்னார், பக்கத்து வீடுகளின் பீப்பாய்களையும். லயமே வெளியே வந்து எங்களைத் திட்டியது.

கீழே ரோட்டில் பஸ் ஹார்ன் அடித்தது. தம்பியிடம் ஒரு வேளை மருந்துகூட மிச்சமில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"டெங்கு நெமேய் மாத்தயா, குடு" என்றேன். டெங்கு இல்லை ஐயா என்று, அது அவருக்குச் சிங்களத்தில். பிறகு லயத்துப் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னேன்.

"காய்ச்சல் இல்ல. குடு அடிச்சான், இப்ப விடுறதுக்கு மருந்து எடுக்கிறான். பொய் சொன்னது நானு. சாயங்காலம் எல்லாருக்கும் தண்ணி புடிச்சுத் தாரேன். இப்ப வழிய விடுங்க."

பரிசோதகர் ஒதுங்கி நின்றார். ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தோம்.

பெல்மதுளை வரும்வரை தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு, "ஏன்க்கா எல்லார் முன்னாடியும் சொன்ன? மானமே போச்சு" என்றான்.

"நீ செத்துப்போனா லயம் லயமாப் போய் சொல்லத்தானே வேணும். உசுரோட இருக்கும்போதே சொல்லிட்டேன்" என்றேன்.

அன்று சாயங்காலம் பீப்பாய்களை நிரப்பியதில் என் தோள்பட்டை கழன்றுபோனது. குடங்களில் பாதியை அவன் தூக்கினான்.

அடுத்த செவ்வாய் பிரட்டில் கணக்கப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். நல்ல மனுஷன்தான். "காய்ச்சல்னே எழுதிக்கிறேனே, தங்கச்சி?"

"வேணாங்க. குடு விடுற மருந்துக்குன்னு எழுதுங்க. சத்தமாவே கேளுங்க, சத்தமாவே சொல்றேன்."

இது ஏழாவது மாதம். கிளினிக் இன்னும் செவ்வாய்க்கிழமை மட்டும்தான், பஸ் இன்னும் ஒன்றுதான். கணக்கப்பிள்ளை கேட்கிறார், நான் சொல்கிறேன். போன கிழமை எனக்குப் பின்னால் நின்ற கீழ்லயத்து அம்மா, தன் மகனுக்கும் அதையே எழுதச் சொன்னாள்.