ல டின்னுக்குள் ழ

ஆபீஸில் நான் எழுதும் கம்ப்யூட்டர் நிரல் எல்லோருக்கும் புரிய வேண்டும், அதற்குத்தான் சம்பளம். வீட்டுக்கு வந்ததும் யாருக்குமே புரியாத நிரல் எழுதுவேன். அதற்குச் சம்பளம் கிடையாது, சந்தோஷம் உண்டு. பார்த்தால் குப்பை மாதிரி இருக்க வேண்டும், ஓடவிட்டால் ஒழுங்கான பதில் வர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

மஸ்ஜித் தானா என்ற ஊரில் ஒரு நிச்சயதார்த்தத்தில் இதைப் பற்றி ஒருத்தியிடம் அளந்துகொண்டிருந்தேன். பெம்பான் பக்கம் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியை. நான் சொன்னதைக் கொட்டாவி விடாமல் கேட்டது அவள் ஒருத்திதான். அன்றோடு என் நிம்மதி போனது. அவளோ ஆறு மாதமாக ஒவ்வொரு மெசேஜிலும் "அண்ணே" போட்டே என்னைக் கொன்றாள். இதற்கிடையில், லூபோக் சீனா என்கிற பக்கத்து ஊரிலிருந்து யாரோ சனிக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். நேரில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் நிரலில் கேட்டேன்.

நிரலில் எழுத்துகளைப் போட்டு வைக்கப் பெயர் ஒட்டிய டின்கள் வேண்டும். நான் ல என்ற டின்னுக்குள் ழ-வை வைத்தேன். ழ டின்னில் ள, ள டின்னில் ல. பிஸ்கட் டின்னைத் திறந்தால் ஊசி நூல் இருக்குமே, அப்படி. ஓடவிட்டால் "சேர்ந்து வாழலாமா?" என்று திரையில் வர வேண்டும். ஓடவிட்டேன், வந்தது. இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தேன், சரியாகத்தான் கேட்டது. புதன்கிழமை மத்தியானம், தொட்டதும் நிரல் ஓடும்படி ஒரு லிங்க்கை அவளுக்கு அனுப்பிவிட்டேன்.

பார்த்துவிட்டாள் என்று நீல டிக் காட்டியது. அப்புறம்தான் நானும் திரையைக் கண்ணால் ஒழுங்காகப் பார்த்தேன். "சேர்ந்து வாலலாமா?" என்று இருந்தது. யாருக்கும் புரியக் கூடாது என்று டின்களை மாற்றி வைத்தவன், எடுக்கும்போது நானே குழம்பியிருக்கிறேன். என் வாயில் மூன்று எழுத்தும் ஒன்றுதான், பிறகு படித்துப் பார்த்து என்ன பிரயோஜனம்? அழுகையே வந்துவிட்டது.

பள்ளி முடிந்து அவள் குரல் மெசேஜ் அனுப்பினாள்.

"என் பிள்ளைங்க கூட இப்படி எழுத மாட்டாங்க லா. எனக்கு வால் எல்லாம் வேணாம். சனிக்கிழமைக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து, ழ-வை ஒழுங்கா சொல்லி அப்பாகிட்ட கேளுங்க."

வெட்கத்தில் காது சுட்டது. இருந்தாலும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எங்கேயும் "அண்ணே" இல்லை.