ஒரே வண்டியில் போன குடும்பம்

போன வாரம் ஒரு நாவலை முடித்தேன். உலகப் புகழ் பெற்றது, தலையணை சைஸ், தமிழ் மொழிபெயர்ப்பு. நிலத்தை இழந்த ஒரு குடும்பம் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுக் கிளம்புகிற கதை. பசி, பட்டினி, போகிற இடமெல்லாம் விரட்டல். "கர்ச்சீஃப் இல்லாம தொடாதீங்க" என்று சொல்லித்தான் தோழி கொடுத்தார்.

நான் அழவே இல்லை. பொறாமைப்பட்டேன்!

யார் மேல்? எழுதியவர் மேலா? சேச்சே... அந்தக் கதையில் வருகிற அம்மாக்காரி மேல். சட்டிபானையோடு சேர்த்துப் பிள்ளைகள் எல்லாரையும் ஒரே வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போகிறாள் மகராசி. அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லைதான். ஆனால், எந்தப் பிள்ளை இருமினாலும் அவள் காதில் விழுகிறதே!

"கொழுப்பைப் பாரு" என்று நீங்கள் திட்டுவது இங்கே நன்னிலத்தில் என் வீடு வரை கேட்கிறது. திட்டுங்கள். என் கதையையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

என் கணவருக்கு இந்த வருஷம் அறுபது. திருக்கடையூரில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தோம். கனடாவில் இருக்கும் எங்கள் ஒரே பையனுக்கு ஏக குஷி. சர்ப்ரைஸாம்... எங்களிடம் மூச்சு விடாமல் இருக்கிற லீவையெல்லாம் போட்டு, ஜூன் மாதம் வந்து இறங்கிவிட்டான்.

"ஹேப்பி பர்த்டேப்பா! கோயிலுக்கு என்னைக்குப் போறோம்?"

இவர் திருதிருவென்று முழித்தார். ஜூன் என்பது பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக வாத்தியார் போட்டுக்கொடுத்த பிறந்த தேதி. பாஸ்போர்ட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. மனிதர் நிஜமாகப் பிறந்தது ஐப்பசியில். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் இப்படி ஜூனில் 'பிறந்தவர்கள்'தான். ஆனால், அறுபதாம் கல்யாணத்துக்குப் பிறந்த மாதமும் நட்சத்திரமும்தானே கணக்கு?

"ஏம்மா, இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீ கேட்டியாடா?"

சண்டை போட்டோம், சாப்பிட்டோம், லீவு தீர்ந்தது. போய்விட்டான். மறுபடி லீவு கிடைக்கவில்லை.

இந்த ஐப்பசியில் கோயிலில் உட்கார்ந்தோம். கலசத் தண்ணீரைப் பெற்ற பிள்ளைதான் முதலில் ஊற்ற வேண்டும். "பையனை வரச் சொல்லுங்கோ" என்றார் குருக்கள். நாத்தனார் கையிலிருந்த போனைக் காட்டினேன். வீடியோ காலில் இருந்தான். போன் எப்படித் தண்ணீர் ஊற்றும்? கொழுந்தனார் மகன்தான் ஊற்றினான். தங்கமான பையன், பதமாகத்தான் ஊற்றினான். எனக்கு வயிறு எரிந்தது. அவன் அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈரத் தலையோடு போனை வாங்கினேன். திரையில் வெறும் சுவர் தெரிந்தது.

"என்னடா, உன்னைக் காணோம்?"

"நெட்வொர்க் சரியில்லம்மா..."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அழுவாதடா" என்றார் இவர், போனைப் பார்த்து. அவர் முகத்தில் வழிந்தது எல்லாமே கலசத் தண்ணீர் இல்லை.

அந்த நாவல் அம்மாவுக்கு ஆயிரம் கஷ்டம் இருக்கட்டுமே... பிள்ளை அழுதால் துடைக்க, அவள் கைக்கு எட்டியதே!