மாமா பெயரில் வந்த கதைகள்

என் தாய்மாமனுக்கு ஊரில் ‘எழுத்தாளர்’ என்று பெயர். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அந்தப் பெயரை அவருக்கு வாங்கித் தந்த வெளிநாட்டுச் சிறுகதைகளைத் தமிழில் மொழிபெயர்த்து எழுதியது என் அம்மா. கல்யாணத்துக்கு முன்பு, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எழுதினாள். பெண் பெயர் அச்சில் வந்தால் மாப்பிள்ளை கிடைக்காது என்று சொல்லி, மாமா தன் பெயரைப் போட்டுக் கோயமுத்தூர் அச்சகம் ஒன்றில் புத்தகமாக அடித்துவிட்டார். அம்மா சாகும்வரை வெளியாரிடம் மூச்சுவிடவில்லை. நான் விடுவதாக இல்லை.

போன வருஷம் ஒரு பதிப்பாளர் எங்கள் ஊர் நல்லேப்பிள்ளிக்கு மாமாவைத் தேடி வந்தார். அந்தப் பழைய புத்தகத்தை மறுபடி கொண்டுவரப் போகிறாராம். தன் பெருமையைப் பார்க்கட்டும் என்று மாமா என்னையும் கூப்பிட்டிருந்தார். பீரோவிலிருந்து, பட்டுத்துணியில் சுற்றிய ஒரே பிரதியை எடுத்து நீட்டினார்.

பதிப்பாளர் புரட்டப் பார்த்தார், முடியவில்லை. அந்தக் காலத்துச் சின்ன அச்சகங்கள் சிலவற்றில் பெரிய தாளில் அடித்து, மடித்து, ஓரம் வெட்டாமல் அப்படியே தைத்துவிடுவார்கள். வாங்கியவர்தான் மடிப்பைக் கத்தியால் கீறிப் படிக்க வேண்டும். மாமா முதல் மடிப்பை மட்டும் கீறியிருந்தார். அதில் அவர் படம் இருந்தது.

“ஏனுங்க மாமா, மத்ததெல்லாம் நீங்க படிக்கவே இல்லீங்களா?”

“எழுதுனவன் எதுக்கு மாப்ளே மறுபடி படிக்கோணும்?”

“அப்பக் குதிரைச் சந்தைக் கதையில வெலை எப்படிப் பேசறாங்கன்னு சொல்லுங்க.”

மாமா பட்டுத்துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

“துண்டுக்கு அடியில வெரலைப் புடிச்சுப் பேசறாங்க” என்று நானே சொன்னேன். எந்த வெளிநாட்டுக்காரன் அப்படிப் பேசுவான்? அது எங்கள் பக்கத்து வேலந்தாவளம் மாட்டுச் சந்தைத் தரகர்களின் வழக்கம். அம்மா பார்த்த சந்தை அது ஒன்றுதான். எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று நினைத்துத் தானாகச் சேர்த்து எழுதிவிட்டாள். பின்னால் அதைச் சொல்லிச் சொல்லி எங்களிடம் சிரிப்பாள்.

சமையலறையிலிருந்து கத்தியை நானே எடுத்துவந்து கொடுத்தேன். பதிப்பாளர் கீறினார், படித்தார். துண்டும் இருந்தது, விரலும் இருந்தது. எழுதியது யார் என்று என்னிடம்தான் கேட்டார். அம்மா பெயரைச் சொன்னேன்.

புது அட்டை தயாராகும் சமயத்தில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“உங்கம்மா பேரு மேல இருக்கட்டும் மாப்ளே. கீழ சின்னதா எம்பேரையும் போடச் சொல்லு. நானும் ஊருக்குள்ள தலைகாட்டோணுமல்ல?”

காப்பி கொடுத்தேன். குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

“முடியாதுங்க மாமா.”

எழுந்து போகும்போது செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அம்மா இருந்திருந்தால், ‘அண்ணன் பாவம், போட்டுரு’ என்றிருப்பாள். அதற்கு அவர் அவள் இருக்கும்போது வந்திருக்க வேண்டும்.